தலைதீபாவளிக்கு ஒரு மவுஸ்

எனக்கு இரண்டு கைகள். அவற்றில் வலது கையைத் தராசு என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அதைச் சாப்பிடவும் கையெழுத்துப் போடவும் மட்டும்தான் பயன்படுத்துகிறேன். இந்த ஞானம் வரக் காரணம் ஒரு கம்ப்யூட்டர் மவுஸ்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலை முதலாளியிடம் வேலையில் இருந்தேன். வேலை என்றால் எடை போடுவது. நெசவாளர்களுக்குப் பட்டு நூலையும் சரிகையையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். சேலை நெய்து வந்ததும் அதை மறுபடி நிறுத்து, கொடுத்ததெல்லாம் சேலைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் லேசாகத் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டிக் கொண்டுவருவார். சேலையைக் கையில் வாங்கியதுமே, "அண்ணே, ஈரம் இருக்குது, காயவெச்சு எடுத்துக்கினு வாங்க" என்பேன். ஏழெட்டு முறை அது சரியாக இருந்துவிட்டது. அது போதாதா? இரண்டு கிராம் குறைந்தால்கூடச் சேலையைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். நெசவாளர்கள் எனக்குத் 'தராசுத் தம்பி' என்று பெயர் வைத்தார்கள். அது பாராட்டு என்று நான் நினைத்துக்கொண்டது என் இருபத்திரண்டு வயதின் கோளாறு.

அந்த வருடம்தான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். நல்லவர். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். கல்யாணம் நடந்த இரண்டு நாளில் அவர் எங்களிடம் பேசிய வார்த்தைகளை எண்ணினால் பத்துகூடத் தேறாது. அதில் நான்கு "போதும்". (மீதியில் இரண்டு, தாலி கட்டும்போது ஐயர் சொல்லச் சொன்னது.) அவருக்கு எங்கள் குடும்பத்தைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா அதை நினைத்து உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தாள்.

தலைதீபாவளி வந்தது. "மாப்ளைக்கு இன்னா வேணும்னு கேளும்மா" என்று நைனா அக்காவுக்குப் போன் போட்டார். (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) மோதிரம், கடிகாரம் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தோம். இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள். "ஒண்ணும் வேணாம்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. ரொம்பக் கேட்டதும், ஒரு கேமிங் மவுஸ் வாங்கித் தந்தா நல்லாருக்கும்ன்றாரு. கம்ப்யூட்டர்ல சுடுற வெளையாட்டு ஆடுவாரு நைனா. வெல ஜாஸ்தியா வேணாமாம். குடுக்குற காசுக்கு நல்லதா இருந்தா போதுமாம்."

மனுஷன் முதல்முறையாக வாய் திறந்து எங்களிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் மட்டும் எந்தக் குறையும் வரக்கூடாது என்று நைனா சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பொருள் பார்த்து வாங்க இந்த வீட்டில் என்னை விட்டால் யார்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் சலீம் பாய் கடை. கம்ப்யூட்டர் சாமான், செல்போன் ரீசார்ஜ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கேதான். கேமிங் மவுஸ் என்றதும் பாய் மூன்றை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒன்று, வண்ண வண்ணமாக விளக்கு எரிந்தது. இன்னொன்றில் பத்துப் பொத்தான்கள் இருந்தன. மூன்றாவது கறுப்பாக, அலங்காரம் இல்லாமல் சும்மா இருந்தது. பாய், டிபிஐ என்றார், சென்சார் என்றார், கையின் அளவு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன்.

முதலில் ஒவ்வொன்றின் வயரையும் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு மவுஸின் வயர்மேல் நூலால் பின்னியிருந்தது.

"பாய், இது பட்டா, நைலானா?"

"மவுஸ் வயருப்பா அது."

"தீப்பெட்டி இருக்குதா? ஒரு இழை கொளுத்தி மோந்து பாத்தா தெரிஞ்சிடும்."

பாய் அவசரமாக மவுஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பிறகு நான் கெஞ்சியதும், நெருப்பு கிடையாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார். மூன்றையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினேன். விளக்கு மவுஸ் வெறும் காற்று. பத்துப் பொத்தான்காரன் பரவாயில்லை. கறுப்பு மட்டும் கனம், நல்ல கனம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே விலை. அதே காசுக்கு அதிகச் சரக்கு எதில் இருக்கிறதோ அதுதானே நல்லது?

"இதையே போடுங்க பாய்."

"எடுத்துக்க. நல்ல பீஸ்தான். ஆனா அந்த வெயிட்டுல ஒரு விஷயம் இருக்குது தம்பி..."

"எனக்குத் தெரியும் பாய்" என்றேன். வெயிட்டைப் பற்றி எனக்கே பாடமா? பாய் தோளைக் குலுக்கிவிட்டு பில் போட்டார். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டால் இதற்குத்தான் முதலிடம்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம். சாயங்கால பஸ்ஸில் அக்காவும் மாமாவும் வருவதாக ஏற்பாடு. தாம்பாளத்தில் வேட்டி, சட்டை, வெற்றிலைப் பாக்கு எல்லாம் அடுக்கிவிட்டு, மவுஸுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்றாள் அம்மா. புதுசாக வீட்டுக்கு வரும் எதுவும் அம்மாவின் சந்தனத்துக்குத் தப்பியதில்லை. பெட்டியைப் பிரித்து மவுஸைக் கொடுத்தேன். மேலே மூன்று பொட்டு வைத்தாள். திருப்பினாள். அடியில் இருந்த சிறு குழியைப் பார்த்து, "கண்ணு மாதிரி இருக்குதே, இங்க ஒண்ணு வெச்சா திஷ்டி படாது" என்று அதிலும் ஒரு பொட்டை அப்பினாள். அப்போது அவள் விரல் பட்டு, பக்கத்திலிருந்த ஒரு சின்ன மூடி கழன்றுகொண்டது. உள்ளேயிருந்து கறுப்பு வில்லைகள் பொலபொலவென்று தாம்பாளத்தில் விழுந்தன. மொத்தம் ஏழு.

"இன்னாடா இது, மாத்திரையா?" என்றாள் அம்மா.

நைனா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "இரும்புடா" என்றார்.

மவுஸைக் கையில் எடுத்தேன். காற்று! அந்த விளக்கு மவுஸைவிட லேசாக இருந்தது. நாள் முழுக்க ஈரச் சேலைகளைப் பிடிக்கிற என் கையில், இரும்பைப் போட்டு எடை ஏற்றிய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான்!

"எடை ஏத்தியிருக்கான் நைனா" என்றேன்.

நைனா முப்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர். எடையில் மோசடி என்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். "நாளைக்கு மாப்ள இத்தத் தொறந்து பாத்தா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பாரு? வாயத் தொறந்து ஒண்ணு கேட்டாரு, அதுலயும் ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்கமாட்டாரா? போ. போய் நாலு பேரு முன்னால கேளு!"

நாலு பேர் என்றா சொன்னார்? தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு கடையில் நாற்பது பேர் இருந்தார்கள். இடித்துக்கொண்டு முன்னால் போனேன். ஏழு இரும்பு வில்லைகளையும் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக வைத்தேன்.

"இது இன்னா பாய் வியாபாரம்? இரும்ப உள்ள வெச்சு எடை ஏத்தி விக்கிறீங்களே, கேக்க ஆளு இல்லன்னு நெனச்சீங்களா? நான் யாருன்னு தெரியுமா? நான் எடை போடுறவன்!"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா தம்பி, இங்கயுமா தராசு?"

திரும்பிப் பார்த்தேன். முனுசாமி அண்ணன். இரண்டு கிராம் குறைகிறது என்று போன மாதம்தான் அவருடைய சேலையைத் திருப்பி அனுப்பியிருந்தேன். போட்டோ வாங்க வந்தவர், போட்டோவை மறந்து, நன்றாகப் பார்க்கத் தோதாக முன்னால் வந்து நின்றுகொண்டார்.

பாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். அதே மாதிரி இன்னொரு பெட்டியை எடுத்தார். உள்ளே இருந்த காகிதத்தை விரித்து எல்லாருக்கும் தெரியும்படி மேஜைமேல் வைத்தார். அதில் அதே மவுஸ், அதே மூடி, வரிசையாக ஏழு வில்லைகள், அம்புக்குறியோடு படம் போட்டிருந்தது.

"வெளையாடுறவங்க ஒவ்வொருத்தர் கையும் ஒரு மாதிரி தம்பி. சிலருக்குக் கனமா வேணும், சிலருக்கு லேசா வேணும். அதுக்குத்தான் இந்த வெயிட்ட உள்ள குடுத்திருக்கான். வேணும்னா போட்டுக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீதான் தெரியும்னே."

முனுசாமி அண்ணன் காகிதத்தைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்தார். "அப்போ எடைய எவ்ளோ வேணும்னாலும் கூட்டிக்கலாம், கொறச்சிக்கலாம். நல்ல கம்பெனியா இருக்குதே! தம்பிய அங்க வேலைக்கு அனுப்பிடலாமா?" என்றார். கடையே சிரித்தது. ரீசார்ஜ் பண்ண வந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வில்லைகளை அள்ளப் போனேன். பதற்றத்தில் கை பட்டு அத்தனையும் தரையில் உருண்டன. நான் முட்டி போட்டுத் தேட, நாற்பது பேரும் கால்களைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். ஆறு கிடைத்தன. ஏழாவது எந்த அலமாரிக்கு அடியில் போனதோ தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அங்கே இருந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் ஆறோடு ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் நைனா எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். அம்மாதான் ஆறு வில்லைகளையும் மவுஸுக்குள் திரும்ப வைத்துவிட்டு, "ஒரு குழி காலியா இருக்குதேடா" என்றாள்.

பஸ் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அம்மாவிடம் அக்காவின் முகூர்த்தச் சேலைக்கு வாங்கியதில் மிஞ்சிய சரிகைச் சுற்று கொஞ்சம் இருந்தது. அதையும் மவுஸையும் எடுத்துக்கொண்டு என் வேலை இடத்துக்கு ஓடினேன். கண்ணாடிக் கூண்டுத் தராசில் ஒரு இரும்பு வில்லையை வைத்தேன். நாலரை கிராம். சரிகையை இறுக்கி உருட்டி, கட்டை விரலால் அழுத்தி, குழிக்குள் திணித்துப் பார்த்தேன். என்ன செய்தும் மூன்று கிராமுக்கு மேல் போகவில்லை. இரண்டு கிராமுக்குச் சேலையைத் திருப்பி அனுப்புகிற நான், சொந்த மாமாவுக்கு ஒன்றரை கிராம் குறைத்துக் கொடுக்கப் போகிறேன். முனுசாமி அண்ணன் முகம் கண்முன் வந்தது. மூடியைப் போட்டு அழுத்தினேன்.

தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, மாமா தாம்பாளத்தை வாங்கினார். மவுஸைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத சிரிப்பு. கையோடு லேப்டாப்பைத் திறந்து வயரைச் செருகினார். திரையில் அம்புக்குறி அசையவில்லை. தட்டினார். அசையவில்லை.

சரிகை உள்ளே போய் எதையோ எரித்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா மவுஸைத் திருப்பினார். குழியில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், புது வேட்டியின் நுனியால் மெதுவாகத் துடைத்தார். அம்புக்குறி ஓடியது. அதோடு விட்டாரா? பக்கத்திலிருந்த மூடியையும் திறந்தார். ஆறு கறுப்புக்கு நடுவே ஒன்று தங்கமாக மின்னியது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். மூடியைச் சாத்தினார்.

"நல்லா இருக்குது" என்றார்.

அவ்வளவுதான். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவருக்கு என்ன புரிந்தது, என்ன நினைத்தார், எதுவும் தெரியாமல் மூன்று வருடம் ஓட்டினேன். முனுசாமி அண்ணன் மட்டும் ஒவ்வொரு சேலையைக் கொடுக்கும்போதும், "தம்பி, அடியில மூடி எதுவும் இல்ல, நல்லாத் திருப்பிப் பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் இரண்டு கிராமுக்கெல்லாம் சேலையைத் திருப்புவதை விட்டுவிட்டேன்.

பிறகு எனக்குக் கல்யாணம். முறைப்படி மாமா எனக்கு மோதிரம் போட வேண்டும். மேடைக்கு வந்தார், போட்டார். போட்டவர் இறங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து என் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"கண்ண மூடிக்கினு சொல்லு மச்சான். எவ்ளோ?"

எனக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. "நாலரை கிராம்" என்றேன்.

சலீம் பாய் கடையில் எப்போதோ அலமாரியை நகர்த்தியபோது அது கிடைத்திருக்கிறது. மாமா அங்கே ஒரு வயர் வாங்கப் போனவர், பாயிடம் முழுக் கதையையும் கேட்டு, அந்த ஏழாவது வில்லையையும் வாங்கிக்கொண்டு வந்து பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். என் கல்யாணத்துக்காகவே காத்திருந்தாராம். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் முனுசாமி அண்ணன் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மாமா இன்னொரு கையையும் நீட்டினார். அதில் சரிகை உருண்டை. கொஞ்சம் நசுங்கியிருந்தது, மினுக்கு மட்டும் போகவில்லை.

"இது?"

"மூணு."

"அப்போ ஒன்றர கிராம் கொறையுது" என்றார். அவரிடம் நான் கேட்டதிலேயே நீளமான பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. "இரும்ப நீயே வெச்சிக்க மச்சான். அதுக்குப் பதிலா இத்தத் தருவேன்னு நெனைக்காத. அந்த மவுஸு போன வருஷமே போயிடுச்சி, இத மட்டும் எடுத்து வெச்சிருக்கேன். ஒங்க அக்கா பொடவ சரிக இது. ஒங்க வீட்ல இருந்து எனக்கு வந்ததுலயே எடை கொறஞ்ச சாமான் இது ஒண்ணுதான், இத்த நான் யாருக்கும் தரமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சரிகையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் என் மனைவியாகியிருந்தவள், என் கையைப் பிரித்து அந்த இரும்பு வில்லையைப் பார்த்துவிட்டு, "இதுதான் ஒங்க வீட்டு சீரா?" என்று கேட்டாள். இன்றைக்கு வரை நான் வீட்டுக்கு ஒரு தேங்காய் வாங்கி வந்தால்கூட, "அடியில தொறந்து பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.