ரேமண்ட் செய்த குற்றம்

"வான்கோழியைக் கடைசியில சாப்பிட்டுடுற மாதிரி ஒரு கதை வேணும்" என்றான் லீலண்ட்.

நூலகர் திருமதி ஹோவ்டா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்கு?"

"சின்னப் பசங்களுக்கு. மூணு பேர். ஆறு, அஞ்சு, நாலு வயசு."

"பசங்க புத்தகத்துல வான்கோழிய யாரும் சாப்பிட மாட்டாங்க தம்பி. இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். நவம்பர் பொறந்தா அந்த மேசை நிறைய வான்கோழிப் புத்தகமா அடுக்குறேன். அதுல ஒண்ணுகூடச் செத்ததில்ல."

லீலண்ட் போய்ப் புரட்டிப் பார்த்தான். உண்மைதான். ஒரு வான்கோழி ரயிலேறிக் கடற்கரைக்குப் போனது. இன்னொன்று தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தது. மூன்றாவது, மேயர் தேர்தலில் நின்று ஜெயித்தது. எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் பீன்ஸும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஊர்ல பாதிப் பேருக்கு வான்கோழிதானே பொழப்பு? அவங்க வீட்லயும் இதையா படிக்கிறாங்க?"

"படிக்காம? எல்லார் வீட்லயும்தான். ஆர்விட் சுண்டே வீட்டுக்குள்ள மட்டும் இதைக் கொண்டுபோற தைரியம் யாருக்கும் கிடையாது. ஆமா, நீ யார் வீட்டுக்கு வந்திருக்கே?"

"ஆர்விட் சுண்டே வீட்டுக்கு."

திருமதி ஹோவ்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து போய் அவனுக்கு ஒரு குவளை காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார்.

லீலண்ட் கெட்டவன் இல்லை. மினியாபொலிஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கை அளந்து, காதை அளந்து, சட்டத்தைப் பொருத்தித் தருகிறவன். அப்படி மூக்கை அளக்கும்போதுதான் காரினைப் பார்த்தான். பார்த்தது பிடித்துப்போய், இரண்டு வருடமாகப் பிடித்தபடியே இருக்கிறது. வியாழக்கிழமை, வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கும் நன்றி நாள் விருந்து முடிந்து பூசணிப் பணியாரம் வரும் நேரத்தில், காரினின் அப்பா ஆர்விட்டிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்பதாகத் திட்டம். அதற்காகத்தான் ஒரு வாரம் முன்னதாகவே வந்து, அவர்கள் வீட்டு நிலவறையில் தங்கியிருந்தான்.

"எங்கப்பா சரின்னு வாயத் தொறந்து சொல்லணும்" என்று காரின் முதலிலேயே சொல்லிவிட்டாள். "அவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னா, அந்தக் கல்யாணம் எனக்கு இனிக்காது."

ஆர்விட் வாயைத் திறப்பது லேசான காரியம் இல்லை. பன்னிரண்டாயிரம் வான்கோழிகள் வைத்திருக்கும் அந்த மனிதர் ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம். அதில் நான்கு மழை, பனியைப் பற்றி இருக்கும்.

நல்ல பெயர் வாங்கத்தான் லீலண்ட் அந்தக் காரியத்தைச் செய்தான். தாத்தா வீட்டுக்கு வந்திருந்த காரினின் அக்கா குழந்தைகள் மூன்று பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை கதை படித்துக் காட்டலாம் என்று, சனிக்கிழமையே நூலகத்தில் ஒரு படப்புத்தகம் எடுத்து வந்தான். அட்டையில் வான்கோழி இருந்தது, இதுவும் வான்கோழி வீடு, பொருத்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்தான். உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை.

கதையில் பெர்ட்ராம் என்ற வான்கோழி ஊர்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஊரே கீழே நின்று கெஞ்சுகிறது. "உன்னை யாரும் தொட மாட்டோம்" என்று சத்தியம் செய்த பிறகு இறங்கி வந்து, சோள ரொட்டி தின்கிறது. லீலண்ட் ஆளுக்கு ஒரு குரல் போட்டுப் படித்தான். பெர்ட்ராம் குரல் பிரமாதமாக வந்தது. மூலையில் ஆர்விட் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

கதை முடிந்ததும் மூத்தவள் பிரிட்டா எழுந்து நின்றாள். "நாங்க இனிமே வான்கோழி சாப்பிட மாட்டோம்" என்றாள். நடுப்பெண் மேரன் தலையாட்டினாள். கடைசிப் பையன் நில்ஸ் அழவே ஆரம்பித்துவிட்டான்.

ஆர்விட் குவளையை வைத்தார். தொப்பியை மாட்டினார். வான்கோழிக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

காரின் லீலண்டைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "எங்கப்பா காப்பிய பாதியில வெச்சுட்டு எழுந்து போனது இதுக்கு முன்னாடி ரெண்டே தடவ. ஒண்ணு, கொட்டகை மேல இடி விழுந்தப்ப. இன்னொண்ணு, அக்காவோட பழைய சிநேகிதன் இந்த மேசையில உக்காந்து 'நான் கறி சாப்பிடுறதில்ல'ன்னு சொன்னப்ப."

"அவன் இப்ப எங்க இருக்கான்?"

"யாருக்குத் தெரியும்? நீ வியாழக்கிழமைக்குள்ள பசங்கள வான்கோழி திங்க வை. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அதனால்தான் அவன் திங்கட்கிழமை காலை திருமதி ஹோவ்டா முன்னால் நின்றான்.

"வான்கோழியே இல்லாத புத்தகம் ஒண்ணு எடுத்துட்டுப் போ" என்றார் அவர். "இது நன்றி சொல்றதப் பத்தினது. பூசணிக்கா, மழை, அம்மா, அப்பா எல்லாத்துக்கும் நன்றி. வம்பே இல்ல. அது சரி, சனிக்கிழமை எடுத்தது எங்க?"

"நேத்துலேர்ந்து காணோம். அவரு அடுப்புல போட்டுட்டாரோன்னு பயமா இருக்கு."

"அடப்பாவமே" என்றார் திருமதி ஹோவ்டா. அது அவனுக்கா புத்தகத்துக்கா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை லீலண்ட் அந்த நன்றிப் புத்தகத்தைப் படித்தான். பூசணிக்காய் வந்தது, மழை வந்தது, சிக்கல் இல்லாமல் முடிந்தது. கடைசிப் பக்கத்தில், "நீங்கள் எதற்கு நன்றி சொல்வீர்கள்?" என்று பெரிய எழுத்தில் ஒரு கேள்வி.

"பெர்ட்ராம் உசுரோட இருக்கறதுக்கு" என்றாள் பிரிட்டா.

"பெர்ட்ராமுக்கு" என்றாள் மேரன்.

நில்ஸ் வாய் நிறைய மிட்டாய் வைத்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். அவன் அப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்திருந்தான்.

"மிட்டாய் யாருடா குடுத்தா?" என்று கேட்டாள் காரின்.

"சொல்லக் கூடாது" என்றான் நில்ஸ்.

பாட்டியான வெர்னா சோள ரொட்டித் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார். "நாலு துண்டு வெச்சிருந்தேன். உங்கப்பா பையில போட்டுக்கிட்டுப் போயிருக்காரு பாரு. சாப்பாட்டுக்குக்கூட உள்ள வராம அங்கயே நிக்கிறாரு."

காரின் லீலண்டைப் பார்த்தாள். "உன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காமத்தான் கொட்டகையிலயே கெடக்குறாரு." 

புதன்கிழமை அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. உதிக்காமலே இருந்திருக்கலாம். நூலகத்தில் பெர்ட்ராம் புத்தகத்தின் இன்னொரு பிரதி இருந்தது. அதைக் கொண்டு வந்து, குழந்தைகளை உட்கார வைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தான். குழந்தைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதுதான் அவனுடைய ஒரே பலம். கடைசிப் பக்கம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"பெர்ட்ராம் கீழே இறங்கினான். எல்லாரும் கைதட்டினார்கள். 'நான் போதுமான அளவு வாழ்ந்துவிட்டேன், வாருங்கள், அடுப்பைப் பற்ற வையுங்கள்' என்றான் பெர்ட்ராம்."



"அப்படி இல்ல" என்றாள் பிரிட்டா.

"இங்க இப்படித்தான் போட்டிருக்கு."

"இல்ல. 'பெர்ட்ராம் வயிறு நிறைய சோள ரொட்டி தின்றான், அன்றைக்கு ஊரில் யாரும் அழவில்லை.' இதுதான் போட்டிருக்கு. மாமா, நீங்க பொய் படிக்கிறீங்க."

"பொய் படிக்கிறீங்க" என்றாள் மேரன்.

படத்தைக் காட்டி நில்ஸ் கேட்டான்: "அப்ப அவன் ஏன் ரொட்டி திங்கிறான்?"

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் நிறுத்தியிருக்க வேண்டும். நம்முடைய ஆளுக்கு நிறுத்தத் தெரியாது. "சரி சரி, பெர்ட்ராம் பொழச்சுக்கிட்டான்" என்றான். "அவன் நல்லவன். ஆனா நாளைக்கு நாம சாப்பிடப் போறது பெர்ட்ராம் இல்லையே! அது வேற வான்கோழி. கெட்ட வான்கோழி."

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அதோட பேரு என்ன?"

"பேரு... ரேமண்ட்."

சொன்ன மறுகணமே லீலண்டுக்குப் புரிந்துவிட்டது. வான்கோழி வளர்க்கும் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. தின்னப் போகிற பறவைக்குப் பெயர் வைக்கவே கூடாது.

"ரேமண்ட் என்ன தப்பு பண்ணான்?" என்றாள் மேரன்.

"கொத்தினான்."

"யாரை?"

"எல்லாரையும்."

"ஏன் கொத்தினான்? அவனுக்கு யாரும் பிரண்ட்ஸ் இல்லையா?"

லீலண்ட் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தான். அன்று சாயங்காலம் முழுக்க மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, கலர்ப் பென்சிலை வைத்துக்கொண்டு ஏதோ செய்தார்கள்.

வியாழக்கிழமை மேசை நிறைந்திருந்தது. மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், கிரான்பெரி, வெர்னா சுட்ட மெல்லிய லெஃப்ஸே ரொட்டி. நடுவில், பொன்னிறமாக, பதினெட்டு பவுண்டு வான்கோழி. ஆர்விட் மேசையின் தலைப்பக்கம் நின்று கத்தியை எடுத்தார். காரின் மேசைக்கடியில் லீலண்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

அப்போது குழந்தைகள் மூவரும் வரிசையாக வந்தார்கள். பிரிட்டா ஒரு பெரிய அட்டையை வான்கோழி மேல் சாய்த்து வைத்தாள். அட்டையில் ஒரு வான்கோழி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அவள் மனப்பாடமாகச் சொன்னாள்:

"ரேமண்ட், நீ கொத்தினதுக்கு உன்னை மன்னிச்சுட்டோம். உனக்கு பிரண்ட்ஸ் இல்லாததுதான் காரணம்னு எங்களுக்குத் தெரியும்."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"ரேமண்ட் யாரு?" என்றார் ஆர்விட்.

லீலண்ட் எழுந்து நின்றான்.  எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பிரித்துப் பார்க்காமல் எடுத்த புத்தகம், நன்றிப் புத்தகம், பொய்யாகப் படித்த கடைசிப் பக்கம், ரேமண்டுக்குப் பெயர் வைத்தது, அவன் மேல் வீண்பழி போட்டது, ஒன்றையும் விடவில்லை.

"இன்னிக்குக் காரினைக் கல்யாணம் பண்ணிக்க உங்க சம்மதம் கேக்கலாம்னு இருந்தேன் சார். இப்ப அதக் கேக்குற மூஞ்சி எனக்கு இல்ல. தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஆர்விட் அட்டையைக் கையில் எடுத்தார்.  அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கொத்துறது வான்கோழி குணம்" என்றார். "அதுக்குத் தண்டனை கிடையாது."

"ஆமா சார்."

"சரி."

"எது சரி சார்?"

"கல்யாணம்."

காரினின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. ஆர்விட் மேலும் சொன்னார்: "பசங்கள யாரும் கட்டாயப்படுத்தாதீங்க. வெர்னா, அவங்களுக்கு ரொட்டி போடு."

அன்றைய ஒன்பது வார்த்தை எப்போதோ தாண்டிவிட்டது. லீலண்ட் பொத்தென்று உட்கார்ந்தான். நாலு நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிப்போய், அந்த இடத்தில் அப்படியொரு பசி எழுந்தது. காரின் அழுதுகொண்டே சிரித்தாள், அவன் தோளில் ஒரு குத்துவிட்டாள், மறுபடி அழுதாள். வெர்னா எழுந்து வந்து அவன் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு, அவன் தட்டில் இரண்டு பேருக்கான வான்கோழியை வைத்தார். குழந்தைகள் ரொட்டி தின்றார்கள், ஒருவரும் அதட்டவில்லை.

ஆர்விட் எல்லாருக்கும் வெட்டிப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். அவர் தட்டில் உருளைக்கிழங்கு மட்டும் மலையாக இருந்தது. என்னால்தான் மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று லீலண்டுக்கு உள்ளூர வருத்தம். ஆனாலும் இவ்வளவு சுலபமாக எப்படிச் சம்மதித்தார் என்பதும் விளங்கவில்லை. கிடைத்த நல்லதைக் கிளறக் கூடாது என்று விட்டுவிட்டான்.

பணியாரம் வந்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"ஒரு விஷயம்" என்றான். "முதல்ல எடுத்த பெர்ட்ராம் புத்தகத்த யாராச்சும் பாத்தீங்களா? நாளைக்கு நான் ஊருக்குப் போகணும். திருமதி ஹோவ்டாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

ஆர்விட் திடீரென்று குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

நில்ஸ் வாயிலிருந்த பணியாரத்தை விழுங்கினான்.

"அது கொட்டகையில இருக்கு மாமா. அங்க கிளாடிஸ்னு ஒரு கிழட்டு வான்கோழி இருக்குல்ல, தாத்தா அதுக்குத் தினமும் படிச்சுக் காட்டுறாரு. ஒரு வார்த்தகூட மாத்தாம!"