பன்னிரண்டாவது நிமிடத்தில் ஊதிய சங்கு

எனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லாமல் இருக்கவும் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் நான் இந்தத் தொழிலுக்கே வந்து சேர்ந்தேன்.

தொழில் என்றால் ஒலி வடிவமைப்பு. சினிமாவில் கதவு சாத்தும் சத்தம், கண்காட்சியில் இருட்டறைக்குள் கேட்கும் மழை, இதையெல்லாம் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி அமைக்கிற வேலை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு இதைப் புரியவைக்க ஆறு மாதம் போராடினேன். "மைக் செட் போடுதா போல" என்று முடிவு கட்டிவிட்டார்கள். (இரண்டு பேர் சடங்கு வீட்டுக்கு வாடகை என்ன என்று விசாரித்தார்கள்.) நான் படித்ததெல்லாம் யூடியூபில். எடுத்துக் காட்ட ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது.

அம்மா இருபது வருடமாக மில்லில் நூல் ஓட்டுகிறவள். எனக்குக் கெடு வைத்தாள்.

"வைகாசி வரைக்கும் பாரு. பொறவு பேசாம பேண்டேஜ் கம்பெனில பில்லு போடப் போயிரணும்."

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு மேடம் பேசினார். ஒலித்துறையில் பெரிய ஆள். நான் அனுப்பிய ஒரு சின்ன ஒலித்துண்டைக் கேட்டிருக்கிறார். "முழுசா ஒரு கூட்டத்துக்குப் போட்டுக் காட்டு. ஜனங்க அதை எப்படிக் கேக்கிறாங்கன்னு நான் பாக்கணும். பிடிச்சிருந்தா அடுத்த மாசமே என்கிட்ட சேர்ந்துக்கோ."

அம்மாவின் மில்லிலேயே பதிவு செய்தேன். நான் போன நாளுக்கு மறுநாள் மில்லுக்கு விடுமுறை என்பதால், அன்று ஷிப்ட் முடிந்ததும் மிஷின்கள் நின்றுவிட்டன. அதை இருபது நிமிடமாகச் சுருக்கினேன். மிஷின்கள் ஓடும், இரைச்சல் ஏறும், பன்னிரண்டாவது நிமிடத்தில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதும், பிறகு எட்டு நிமிடம் காலியான மில்லின் அமைதி. அந்த எட்டு நிமிடம்தான் கலை என்பது என் எண்ணம். மற்றதெல்லாம் அதற்கு வாசப்படி.

ஒரு ஞாயிறு மதியம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தின் மாடி. நாலு மூலைக்கும் ஸ்பீக்கர், நடுவில் ஒரே ஒரு மங்கலான விளக்கு. மேடம் சென்னையிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு எங்கே போவது? அம்மா தன்னோடு வேலை பார்க்கும் முப்பது பெண்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி அழைத்து வந்துவிட்டாள். எல்லார் மடியிலும் கைப்பை, தண்ணீர்ப் பாட்டில்.

நான் முன்னால் நின்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "யாரும் பேசாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு, உடம்பால கேளுங்க."

"ஏட்டி, அப்பம் காது எதுக்கு இருக்கு?" என்றாள் முன் வரிசைப் பேச்சியம்மா அத்தை.

முதல் இரண்டு நிமிடம் கோயில் மாதிரி அமைதி. இரைச்சல் ஏற ஏற, முப்பது பேரும் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் யோசிக்காதது இதுதான்: இருபது வருடமாக அவர்கள் நல்லது கெட்டது பேசியதெல்லாம் அந்த இரைச்சலுக்குள்தான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். பேசாதீர்கள் என்று நான் கையை ஆட்டினேன். அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

"நம்ம மிஷினுதாண்டி. பேரிங் கத்துது பாரு, இன்னும் மாத்தல" என்று பேச்சியம்மா அத்தை பக்கத்து நாற்காலிக்குச் சொன்னது, ஸ்பீக்கரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

பன்னிரண்டாவது நிமிடம் வந்தது. சங்கு ஊதியது.

முப்பது பேரும் எழுந்தார்கள். அவசரமே இல்லை. சேலையை உதறி, பையைத் தோளில் மாட்டி, வரிசையாக மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்கள். முதல் ஆளாகப் போனது நீலச் சேலை கட்டிய என் அம்மா.

கலை ஆரம்பித்தது. எட்டு நிமிடம். கேட்டது நான், மேடம், நாற்காலியில் தூங்கிய மண்டபத்து வாட்ச்மேன்.

முடிந்ததும் மேடம் மெதுவாகத் திரும்பினார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"அவங்க எல்லாரும் எழுந்து போறாங்களே, அந்த இடம் எனக்குப் புல்லரிச்சிருச்சு. காலி மில்லுக்குக் காலி நாற்காலி. எத்தனை நாள் ஒத்திகை பார்த்தே?"

யோசிக்க நேரமில்லை. "மூணு நாள், மேடம்."

"முன்னால போன அந்த நீலச் சேலை, நடிக்கிற மாதிரியே தெரியலை."

"அவங்க சீனியர், மேடம்."

அப்போதுதான் படியில் மூச்சிரைக்கிற சத்தம். சீனியர் திரும்பி வந்துவிட்டார்.

"ஏட்டி, பஸ்ஸுல ஏறி உக்காந்த பொறவுல்ல நீ இங்க இருக்கது ஞாபகம் வருது."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "நீங்க ஏம்மா எழுந்து போனீங்க?" என்றார்.

"சங்கு ஊதிருச்சுல்ல தாயி. பொறவு அங்க என்ன சோலி?"

"ஒத்திகை எதுவும் பாக்கலையா?"

"ஒத்திகையா? லீவு நாள்ல அவிய எல்லாம் கெளம்பி வந்ததே பெரிசு."

மண்டபத்துத் தரை மொசைக் என்பதை அன்றுதான் நன்றாகக் கவனித்தேன். மேடம் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு மூணு நாள் பத்தாது. இவங்க இருபது வருஷமா ஒத்திகை பாத்திருக்காங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் வந்து சேரு. அந்தப் பொய்யை மட்டும் இங்கயே விட்டுட்டு வா."

வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டில் நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், "மூணு நாள் ஒத்திகையா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தச் சங்கு அம்மாவின் செல்போனில் இருக்கிறது. வந்த சொந்தக்காரர்கள் கிளம்பாமல் பேசிக்கொண்டே இருந்தால் அதைப் போடுவாள். பாதிப் பேர் மில்லுக்காரர்கள். காபி டம்ளரோடு எழுந்துவிடுவார்கள். நான் இதுவரை செய்ததிலேயே அதிகம் கேட்கப்பட்ட படைப்பு அதுதான்.

போன மாதம் ஊருக்கு வந்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பும்போது, விளையாட்டாக நானே அதைப் போட்டேன். அம்மா வெடுக்கென்று போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"உக்காரு. ஒனக்கு இன்னும் ஷிப்ட் முடியல."