மாமியின் கால் விரல்களும் என் மருத்துவ ஞானமும்

எனக்கு வைத்தியம் தெரியும் என்று நான் நம்பியது மொத்தம் பதினோரு நாள். (பி.காம். படித்தவளுக்கு அதுவே அதிகம்.)

கல்யாணமாகி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்த புதிது. மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, மளிகைக் கடை. எனக்கு டிவியில் ஆஸ்பத்திரித் தொடர். அதில் ஒருத்திக்குக் கால் விரல்கள் கறுத்து, பாதம் சில்லிட்டு, கண்ணில் நீர் வடிந்தது. என்ன நோயென்று தெரியாமல் டாக்டர்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் பார்த்தால் ரத்தக் குழாயில் அடைப்பு. காலையே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மதியத் தொழுகைக்கு மாமியார் ஒளு செய்து கை கால் கழுவும்போது பார்த்தேன். விரல்கள் கறுப்பு! பாதத்தைத் தொட்டேன், ஐஸ்! (தை மாதம், பச்சைத் தண்ணீர். வேறெப்படி இருக்கும்?) கண்ணிலும் நீர்.

"எத்தனை நாளா மாமி இப்படி?"

"வருஷா வருஷம் தை மாசம் வரும் கண்ணு. மாசி போனா அதுவும் போயிரும்."

விட்டுவிட்டு வரும் நோய்!

"ஒண்ணுமில்ல சாமி, விடியால மொளகு..."

"பேசாதீங்க மாமி, காலே போயிரும்!"

படித்த மருமகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமி அழ ஆரம்பித்தார். மச்சான் கடையைப் பூட்டிவிட்டுக் கார் பிடித்தார். மலை இறங்கும் வழியெல்லாம் எந்த வளையல் யாருக்கு என்று மாமி சொல்லிக்கொண்டே வந்தார். பத்தாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தார். அதையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சேலத்து டாக்டர் மாமியின் காலைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். அடுக்காக நாலு தும்மல் போட்டார்.

"ஏம்மா, மிளகு மிதிச்சீங்களா?"

"ஆமாங்க. கடைக்கு வந்த பச்சைக் கொத்த விடியால இருந்து மிதிச்சு உதுத்தேனுங்க. சாறு பட்டா கறுக்குமுங்க. அதத்தான் சொல்ல வந்தேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அதே வீட்லதானே இருக்கீங்க? பார்க்கலையா?"

நான் எழுந்திருப்பது ஒன்பது மணிக்கு என்று எப்படிச் சொல்வது?

மாமி முந்திக்கொண்டார். "புள்ளைக்குக் குளுரு நொம்ப ஒத்துக்கலீங்க. எழுப்ப மனசு வரல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்குக் காது வரை சுட்டது.

மறுநாள் விடியற்காலை நானும் மிளகு மிதிக்க இறங்கினேன். இன்றுவரை மிதிக்கிறேன். தலைச்சோலையிலிருந்து மிளகு கொண்டுவரும் விவசாயிகள் மட்டும், வருடம் தவறாமல், கல்லா முன்னால் நின்று ரொம்பப் பவ்யமாகக் கேட்கிறார்கள்:

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க ஊட்ல எட்டுக் காலு கறுத்துப் போச்சுங்க. எல்லாத்தையும் எடுத்தர்லாமுங்களா?"