டேங்க் மேல் ஒரு பேக்கு

இனிமேல் தன்னுடைய டேங்க் பேக்குக்குள் பெண்டாட்டியின் சுண்டுவிரல்கூட நுழையக் கூடாது என்று சிவப்பிரகாஷ் முடிவெடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. பக்கத்துச் சித்தூருக்குப் போய் ஒரு குட்டிப் பூட்டு வாங்கிவந்து பையின் ஜிப்பில் மாட்டினார். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவருடைய தென்னந்தோப்புக்கு ஒழுங்கான வேலி கிடையாது. ஆனால் பைக்குக்கு ஒரு பூட்டு, பைக்கு ஒரு பூட்டு.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. டேங்க் பேக் என்பது மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, ஓட்டுகிறவரின் தொப்பைக்கு முன்னால் இன்னொரு தொப்பையாக உட்கார்ந்திருக்கும் பை. நெடுந்தூரம் போகிறவர்கள் வழியில் என்ன ஆனாலும் சமாளிக்க வேண்டிய சாமானை அதில் வைத்திருப்பார்கள். போன மாதம் நெல்லியாம்பதி ஏறும்போது பைக் கிளப்புக் கூட்டத்தில் ஒருவனுக்கு டயர் பஞ்சர். "ஆரும் பயப்படாதீங்க. என்றகிட்ட கிட்டு இருக்குது!" என்று முழங்கிவிட்டு, எல்லோரும் சுற்றி நிற்க, சிவப்பிரகாஷ் ஜிப்பை இழுத்தார்.

முதலில் ஒரு கட்டு முருங்கைக்காய் வந்தது. அப்புறம் தயிர்சாதம். அப்புறம் நெம்மாறை அத்தைக்குக் கொடுத்தனுப்பிய இரண்டு ஜாக்கெட் துணி. பஞ்சர் கிட் வரவே இல்லை. முருங்கைக்காய்க்கு இடம் போதவில்லை என்று செல்வப்பிரியா அதை எடுத்து அரிசி டப்பா மேல் வைத்துவிட்டிருந்தாள். ஒருத்தன் அதை வீடியோ எடுத்தான். அன்றிலிருந்து கிளப்பில் யாரும் அவரைச் சிவப்பிரகாஷ் என்று கூப்பிடுவதில்லை. 'கூரியர் சேட்டன்'தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பு மறையூர் போகிறது. சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தின் நடுவில் பையை வைத்து, சாமான்களைச் சுற்றிலும் பரப்பி, சிவப்பிரகாஷ் தானே அடுக்க ஆரம்பித்தார். செல்வப்பிரியா கையில் தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது என்னதுங்க?"

"கிளட்ச் கேபிள்."

"வண்டியில இல்லீங்களா?"

"வண்டியில இருக்கறது அறுந்தா மாட்டறதுக்கு."

"அப்ப இதுங்?"

"ஸ்பார்க் ப்ளக்கு. அது ஃப்யூஸு. அது ஸ்பேனரு. அது காத்தடிக்கற மிசினு. இன்னும் ஏதாச்சும் கேக்கோணுமா?"

"அந்தப் பேரீச்சம்பழம் எந்த எடத்துல மாட்டறதுங்க?"

"அது நான் திங்கறதுக்கு!"

செல்வப்பிரியா குனிந்து பார்த்தாள். "வண்டிக்கு வேணுங்கறதெல்லாம் நெம்ப ஜோரா இருக்குதுங்க. உங்களுக்கு வேணுங்கறது ஒண்ணையும் காணோமே? ஒரு தைலம், ஒரு கட்டுத்துணி..."

"தைலத்த நீயே வெச்சுக்க. நான் போறது ரைடு. ஆஸ்பத்திரிக்கு இல்ல."

செல்வப்பிரியா நகரவில்லை. அவள் எதற்கு வந்தாளோ அது இனிமேல்தான் வரும் என்று சிவப்பிரகாஷுக்குத் தெரியும். வந்தது.

"மறையூர்ல தங்கச்சி ஊட்டுல நாளைக்குப் புது வெல்ல ஆலைக்குப் பூசைங்க. மொதல் கொப்பரை காச்சறாங்க. ரெண்டு பேரும் வரோணும்னு எத்தன தடவ கூப்பிட்டாங்க. நீங்களும் மறையூர்தான போறீங்க. பின் சீட்டு காலியாத்தான இருக்குது?"

"காலியா இருந்தா காலியாத்தான் இருக்கும்! ரைடுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? மனுசன் ஒத்தையில, காத்துல, தன்ன மறந்து போறது. கொழுந்தியா ஊட்டு விசேசத்துக்குப் போறதுக்குப் பேரு ரைடு அல்ல."

"சரிங்க. நான் வரல. ஒரே ஒரு தேங்காய் மட்டும் கொண்டுபோய்க் குடுத்தர்றீங்களா? நம்ம தோப்புக் காய்ங்க. புது ஆலைக்கு நம்ம காய்தான் ஒடைக்கோணும்னு அவ ஆசப்படறா."

தேங்காய் என்ற சொல் காதில் விழுந்ததும் சிவப்பிரகாஷின் மூக்கு சிவந்தது.

"தேங்காயா? டேங்க் பேக்குலயா? முருங்கைக்காய்ல போன மானம் போதாதா? இத பாரு புள்ள, இந்தப் பைக்குள்ள ஒரு கறிவேப்பிலை வந்தாக்கூட நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

அடித்துப் பேசுகிற வேகத்தில் பையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். பையின் அடியிலிருந்த காந்தம், அவள் கையிலிருந்த தோசைத் திருப்பியை டப்பென்று பிடுங்கிக்கொண்டது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அதாச்சும் குடுங்க. அடுப்புல தோசை கருகுது" என்றாள் செல்வப்பிரியா. வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனவள் தோசையிடம் சொல்வதுபோல் சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது. "டேங்க் மேல ஒரு பேக்கு. சீட்டு மேல ஒரு பேக்கு."

"என்ன சொன்ன?"

"தோசை பேத்துக்கிட்டு வரலைன்னு சொன்னனுங்க."

காலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே சிவப்பிரகாஷ் கிளம்பிவிட்டார். பொள்ளாச்சி தாண்டும்வரை கோபத்திலேயே ஓட்டினார். உடுமலைப்பேட்டை டீக்கடையில் கிளப்பு மொத்தமும் கூடியிருந்தது. கடைசியாக ஜிஸ்மி வந்தாள். சித்தூரில் ரைடர் சாமான் கடை வைத்திருப்பவள். கிளப்பின் கேப்டன். டேங்க் பேக்கும் அவள் கடையில் வாங்கியதுதான். இன்றைக்கு அவள் பின்னால் ஒரு ஆள். கறுப்பு ஜாக்கெட், முகம் மூடிய ஹெல்மெட், முதுகில் ஒரு பை. இறங்கியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ஆரு, சொந்தக்காரங்களா?" என்றார் சிவப்பிரகாஷ்.

"கூட்டுகாரி. ரொம்ப நாணம்" என்றாள் ஜிஸ்மி. தோழி என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்; அவள் தமிழில் மலையாளம் அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

சிவப்பிரகாஷ் டீயை உறிஞ்சிக்கொண்டு அறிவுரை சொல்லத் தொடங்கினார். "தப்பா நெனச்சுக்காத ஜிஸ்மி. பின்னால ஆள வெச்சுட்டு மலை ஏறறது ரைடே அல்ல. என்ற ஊட்டுக்காரியும் நானும் வருவன்னு ஒத்தக்கால்ல நின்னா. நான் உடுவனா? ஒரு சத்தம் போட்டேன் பாரு. அடங்கிப்போய் மூலையில உக்காந்துட்டா."

"அப்படியோ? சேச்சி ஒண்ணும் சொன்னில்லே?"

"எங்க சொல்றது! என்ற முன்னால அவ வாயத் தொறந்ததே இல்ல."

கறுப்பு ஹெல்மெட் மெதுவாக மேலும் கீழும் ஆடியது. மலையாளத்துப் பெண்ணாக இருந்தாலும் நல்ல குணம், பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறது என்று சிவப்பிரகாஷ் நினைத்துக்கொண்டார்.

சின்னாறு காடு கடந்து, வளைவுகள் ஏறி, மறையூருக்குள் நுழைந்தபோது கரும்புப்பாகு வாசனை வந்தது. சாப்பாட்டுக்கு ஓட்டல் வாசலில் நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஜிஸ்மி நிற்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டி, கரும்புக் காட்டுக்கு நடுவே போகிற மண் சாலையில் திரும்பினாள். கிளப்பு முழுவதும் பின்னால் திரும்பியது. அந்தச் சாலை எங்கே போகும் என்று சிவப்பிரகாஷுக்கு நன்றாகவே தெரியும். கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும்.

ஆலைக் கொட்டகை வாசலில் மாவிலைத் தோரணம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகலை வேல்முருகன் ஓடி வந்தான்.

"வாங்கண்ணே, வாங்க! கூட்டத்தையே கூட்டியாந்துட்டீகளே! உங்களுக்குத்தான் எம்புட்டு மனசு! எல்லாரும் செருப்பு, பூட்ஸக் கழட்டிட்டு உள்ள வாங்க, பூசைக்கு நேரமாச்சு."

சிவப்பிரகாஷ் ஒன்றும் புரியாமல் பூட்ஸைக் கழற்றினார். கொதிக்கிற கொப்பரைக்கு முன்னால் கறுப்பு ஜாக்கெட் ஆள் போய் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது. முதுகுப் பையைத் திறந்து ஒரு தேங்காயை எடுத்தது. அவர் தோப்புத் தேங்காய்.

"ஏனுங்க, நீங்க ஒடைக்கறீங்களா, நான் ஒடைக்கட்டுங்களா?" என்றாள் செல்வப்பிரியா.

கிளப்பு முழுவதும் கை தட்டியது. ஒருத்தன் வீடியோ எடுத்தான். அதே ஆள்.

தேங்காயை அவளே உடைத்தாள். முதல் பாகு இறங்கியது. தங்கை வந்து அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சிவப்பிரகாஷ் மட்டும் கொட்டகை மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பூசை முடிந்ததும் செல்வப்பிரியாவைத் தனியாகப் பிடித்தார்.

"ஆரக் கேட்டு வந்த?"

"நீங்க வர வேண்டாம்னு சொன்னது உங்க வண்டியிலதானுங்க. ஜிஸ்மி வண்டியில வர வேண்டாம்னு சொல்லலையே?"

"டீக்கடையில என்ற பக்கத்துலயே நின்னுட்டிருந்தயே, வாயத் தொறக்கறதுக்கென்ன?"

"நான் வாயத் தொறந்ததே இல்லைன்னு அத்தன பேர்த்துக்கு முன்னால சொல்லீட்டு இருந்தீங்க. உங்க பேச்சப் பொய்யாக்கறது நல்லாருக்குங்களா?"

சிவப்பிரகாஷின் கோபம் காலுக்கு இறங்கியது. பக்கத்தில் கரும்புச் சக்கை ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பஞ்சுபோல இருந்தது. இடது காலை ஓங்கி, அதன் நடு மார்பில் ஒரு உதை விட்டார்.

பழைய ஆலையின் இரும்புச் சக்கரத்தை அந்தச் சக்கைக்குள்தான் வேல்முருகன் தள்ளி வைத்திருந்தான்.

அந்த அலறலுக்குக் கரும்புக் காட்டிலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. கட்டைவிரல் கண்ணெதிரே கத்தரிக்காய் ஆனது. ஜிஸ்மி ஓடி வந்தாள்.

"சேட்டா, பேக் திறக்கு! ஃபர்ஸ்ட் எய்ட் எடுக்கு!"

சிவப்பிரகாஷ் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தார். பூட்டு திறந்தது. கேபிள் வந்தது. ப்ளக் வந்தது. காற்றடிக்கிற மிஷின் வந்தது.

"கால் விரலுக்குக் காத்தடிக்க வேண்டியதில்லீங்க. அதுவே நல்லா உப்பியிருக்குது" என்று சொல்லிக்கொண்டே செல்வப்பிரியா தன் பையிலிருந்து தைலத்தையும் கட்டுத்துணியையும் எடுத்தாள். தைலம் தடவி, கட்டு போட்டு, வலிக்கிறதா என்று கேட்டாள். வலித்தது. இல்லை என்றார்.

சாப்பாடு ஆனதும்தான் அடுத்த சங்கடம் தெரிந்தது. இடது காலில் பூட்ஸ் ஏறவில்லை. இடது காலில்தான் கியர் போட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓட்ட ஒவ்வொரு வண்டி இருந்தது.

"வண்டி இங்கனயே கெடக்கட்டும்ணே. நீங்க பஸ் ஏறிப் போங்க. நான் ரெண்டு நாள் கழிச்சு ஓட்டியாரேன்" என்றான் வேல்முருகன்.

"பஸ்ஸா? ரைடுக்கு வந்தவன் பஸ்ஸுல திரும்பறதா? வண்டியில்லாம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்!" சிவப்பிரகாஷ் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கத்தினார். "என்ற வண்டியத் தொடறதுக்குத் தகுதியான ஆளு இங்க ஆரு இருக்கறா?"

"சாவியக் குடுங்க" என்றாள் செல்வப்பிரியா.

"எதுக்கு?"

அவள் லைசென்ஸ் அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். கியர் வண்டி ஓட்டலாம் என்று அரசாங்கமே எழுதியிருந்தது.

"ஆரு கத்துக்குடுத்தா?"

ஜிஸ்மி வானத்தைப் பார்த்தாள்.

"எந்த வண்டியில கத்துக்கிட்ட?"

"நம்ம வண்டியிலதானுங்க. நீங்க மதியம் சாப்புட்டுத் தூங்கறப்ப, தோப்புக்குள்ள."

பெட்ரோல் குறைகிறது, அளவில் ஏமாற்றுகிறாய் என்று பெட்ரோல் பங்க்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கியது சிவப்பிரகாஷின் நினைவுக்கு வந்தது. பாவம், அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்கும் இந்தக் காலோடுதான் போக வேண்டும்.

ஸ்பேனர்களெல்லாம் ஜிஸ்மியின் வண்டிப் பெட்டிக்குப் போயின. தங்கை டேங்க் பேக் நிறையச் சூடு ஆறாத வெல்லத்தை உருண்டை உருண்டையாக அடுக்கினாள். சிவப்பிரகாஷ் பார்த்துக்கொண்டே இருந்தார். பை வழக்கமான இடத்தில்கூட உட்காரவில்லை.

"ஹேண்டில் திருப்பறதுக்கு எடஞ்சலா இருக்குதுங்க. மடியில வெச்சுக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, செல்வப்பிரியா வண்டியை உதைத்துக் கிளப்பினாள். பட்டன் இருக்கிறது. இருந்தாலும் உதைத்தாள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் "ஹாரன் அடி", "கியரக் கொற" என்று கத்தினார். அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் அவள் அதைச் செய்து முடித்திருந்தாள். எதிரே வந்த மூணாறு பஸ்ஸின் டிரைவர் வழிவிட்டு, அவளுக்கு ஒரு சலாமும் வைத்தான்.

சின்னாறு செக்போஸ்ட்டில் வனத்துறைக் காவலர் கை காட்டி நிறுத்தினார். சந்தனக்கட்டை ஏதும் போகிறதா என்று எல்லோர் பையையும் பார்ப்பது வழக்கம். டேங்க் பேக்கைத் திறந்து பார்த்தார், வெல்லம். ஓட்டுகிற பெண்ணைப் பார்த்தார். பின்னால் கட்டுப்போட்ட காலோடு, மடியில் வெல்லத்தோடு, முகம் சிவந்து உட்கார்ந்திருந்த தடித்த ஆளைப் பார்த்தார்.

"சேட்டனு வண்டி ஓடிக்கான் அறியில்லே?"

அண்ணனுக்கு வண்டி ஓட்டத் தெரியாதா என்று கேட்கிறார். இருபது வருசமாக வண்டி ஓட்டுகிற சிவப்பிரகாஷ் இருந்த கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் செல்வப்பிரியா ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கணவனை விட்டுக்கொடுக்காத குரலில் சொன்னாள்:

"இப்பத்தான் பழகிட்டிருக்கறாருங்க சார்."