ஓய்வெடுக்கச் சொன்ன கடிகாரம்

காலையில் கண் விழித்ததும், நன்றாகத் தூங்கினோமா இல்லையா என்பதை மணிக்கட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஓர் இனம் நம்மிடையே வேகமாகப் பெருகிவருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சட்டைக் கையை மடக்கி, கடிகாரத்தைத் தட்டி, எண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதற்குப் பிறகுதான் "பரவால்ல" என்பார்கள்.

இந்த இனத்தின் ஓசூர்க் கிளைக்கு அருள்ஜோசப்தான் தலைவர். வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவர். மச்சான் பெங்களூரிலிருந்து வாங்கிக் கொடுத்த கடிகாரம், அவருடைய ஹெச்.ஆர்.வி. குறைவு என்று ஒரு நாள் காட்டியது. அதாவது, இதயத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகம் மாறவில்லையாம். மாறவில்லையா! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஹார்ட்டுகூட ரிஜக்ட் இல்லாம ஓடுதுப்பா" என்று லைன் முழுக்கச் சொல்லி, கேன்டீனில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

போண்டாவைத் தின்று முடித்த பிறகுதான் பக்கத்து மெஷின் நசருல்லா போனில் தேடிப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அண்ணா, இது நம்ம போல்ட் கணக்கு இல்ல. இடைவெளி மாறிக்கிட்டே இருந்தாத்தான் நல்லதாம். உடம்பு அசந்துபோனா, தூக்கம் கெட்டா, கொறயுமாம்."

அவ்வளவுதான். மறுநாளே அருள்ஜோசப் நோயாளி ஆனார். ஞாயிற்றுக்கிழமை 'இன்று ஓய்வெடுக்கவும்' என்று கடிகாரம் சொன்னால், சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நேரே சோபாதான். சிலிண்டர் தூக்க மாட்டார், கடைக்குப் போக மாட்டார், சத்தமாகப் பேசினால் எண் இன்னும் இறங்கிவிடும் என்று சண்டைகூடப் போட மாட்டார். கறி வாங்கி வந்தது, மசாலா அரைத்தது, துணி துவைத்தது எல்லாம் மனைவி சாராள். அவளும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்டு முழுக்க நின்று வேலை பார்க்கிறவள்தான். அவளுக்கு உண்மையிலேயே முடியவில்லை. ஆனால் அவள் கையில் கடிகாரம் இல்லையே!

ஒரு நாள் சாராள் கையை நீட்டினாள். "ஏங்க, அதக் கழட்டுங்க. நானும் கொஞ்ச நாளு கட்டிப் பாக்கறேன்."

கட்டினாள். சில வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையைக் கணவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். எண் அவருடையதைவிடக் கீழே. அடியில் அதே வாசகம்: இன்று ஓய்வெடுக்கவும்.

"வாட்ச்சு கெட்டுப்போச்சு" என்றார் தரப் பரிசோதகர்.

"உங்க கையில இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

அவசரமாகப் போனைத் தடவினார். "இங்க பாரு, ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் நம்பரோட ஒப்பிடவே கூடாதாம்." இத்தனை நாளில் அவர் சொன்ன முதல் சரியான தகவல் அது.

"நான் எங்க ஒப்பிட்டேன்? உங்க நம்பரு உங்களுக்கு. என்னயப் படுக்கச் சொல்லுது, படுக்கறேன்."

சோபாவில் சாய்ந்தவள் பேசி முடித்த கையோடு தூங்கிவிட்டாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். அருள்ஜோசப்புக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கருவளையத்தைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. வெங்காயம் எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் சமையலறைக்குள் தேடப் போனார்.

இதைப் படிக்கும்போதே நீங்கள் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டீர்கள், கவனித்தேன். பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில், உங்கள் வீட்டில் நின்றுகொண்டிருப்பது யார்?