புகை எடுக்கும் மகான்

எங்கள் மலையூரான சர்தஷ்தில் அந்த வாரம் ஒரே பேச்சுதான். மகான் வந்திருக்கிறார்! போரில் விமானம் போட்டுவிட்டுப் போன விஷவாயு முப்பது வருஷமாக எங்கள் நெஞ்சில் குடியிருக்கிறதாம். அதை அரை மணியில் உறிஞ்சி எடுத்துவிடுவாராம். பெரிய பெரிய டாக்டர்களுக்குப் பிடிபடாத வித்தை, எங்கிருந்தோ வந்த நாசிஹ் என்ற இந்த மகானுக்குப் பிடிபட்டுவிட்டது. பாதி ஊர் இருமிக்கொண்டே வரிசையில் நின்றது. காணிக்கை ஆளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி. மகானின் முற்றத்தில் இருமுவது யார், கத்துவது யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நோயாளியின் நெஞ்சில் ஒரு ரப்பர் குழாய். மறுமுனையில் செம்புக் குடம். மகான் கண்ணை மூடி முணுமுணுப்பார், குடத்திலிருந்து புகை கிளம்பும். கூட்டத்துக்கு மூச்சு முட்டும். விஷம் வெளியே போகிறது, அப்படித்தான் இருக்கும் என்பார். பெண்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார், அவ்வளவு ஒழுக்கம்! குழாய் மட்டும் திரைக்குப் பின்னால் போகும்.

ஒரே பத்தியம், ஆஸ்பத்திரி மருந்தைத் தொடக் கூடாது. என் அண்ணன் ஹேவா, மூச்சுக்கு அடிக்கும் ஸ்பிரேயை ஓடையில் வீசிவிட்டு வந்தான். நாலே நாளில் உதடு நீலம் பாரித்தது. நாலு படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, குணமாகிறது என்று சிரித்தான்.

அண்ணியின் பெயர் குவேஸ்தான். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறவள். அவனிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டாள்.

"வாயு அன்னைக்கே போயிடுச்சுங்க. போறப்ப நுரையீரலைப் பொசுக்கிட்டுப் போச்சு. உடம்பைக் காக்குற அணுவெல்லாம் சண்டை இன்னும் முடியலன்னு நெனச்சு உள்ளேயே அடிச்சிக்கிட்டு இருக்கு. உங்க ரத்தத்துல தெரியறது அதுதான். இல்லாத புகைய அந்தாளு எங்கேருந்து எடுக்கிறான்?"

அண்ணன் காதில் ஏறவில்லை. மறுநாள் காலை, பேச்சு வராத தன் பெரியம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அண்ணி அவனையும் கூட்டிக்கொண்டு மகானிடம் போனாள். பெரியம்மாவைச் சால்வையில் சுற்றித் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான்.

குழாய் உள்ளே போனது. முணுமுணுப்பு. புகை!

"பழைய விஷம். பாவம், இந்தம்மா ரொம்ப அழுதவங்க. நாப்பது நாள் எடுக்கணும்" என்றார் மகான்.

அண்ணி திரையை இழுத்துவிட்டாள். மெத்தையில் எங்கள் வீட்டு மோர் கடையும் ஆட்டுத்தோல் பை சாய்ந்திருந்தது, கழுத்தில் ரப்பர் குழாயோடு.

"எங்க வீட்டு மோரு மேல எப்ப குண்டு விழுந்துச்சு?"

அடுத்த கணம் குடத்தைக் கவிழ்த்தாள். அடித்தட்டிலிருந்து நெருப்புத் துண்டும் கந்தகக் கட்டியும் உருண்டன. அடப்பாவி, வாயு தின்ற நுரையீரல்களுக்கு இத்தனை நாளும் கந்தகப் புகையைத்தான் ஊட்டியிருக்கிறான்! புகை மகானின் முகத்திலேயே அடித்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, யாராவது காரை எடுங்கள், ஆஸ்பத்திரி, டாக்டர் என்று தவித்தார்.

ஹேவா அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினான். அவள் பையிலிருந்து புது ஸ்பிரேயை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு தடவை அடித்த பிறகுதான் அவனால் நிமிர முடிந்தது.

தனக்கு மூச்சு முட்டினால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று ஏமாற்றுகிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு போன நமக்கு மட்டும் அது ஏன் தெரியாமல் போனது, மக்களே?