ஒரு ஜிபி கனகதாஸ்

கனகதாஸின் புதுக் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்துக்குப் போதகர் யேசுவடியான் ரிப்பன் வெட்ட வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர், தன் ஹார்டு டிஸ்க்கில் மொத்தம் ஐந்நூறு எம்பிதான் என்று கூசாமல் காட்டியது.

கனகதாஸுக்குக் கண்ணைக் கட்டியது. பாறசாலை ஸ்டேஷன் ரோடு முழுக்க, 'பாறசாலையின் முதல் ஒரு ஜிபி கம்ப்யூட்டர்' என்று கொட்டை எழுத்தில் பேனர் கட்டியிருந்தார். ஒரு ஜிபி என்றால் ஆயிரம் எம்பி. மீதிப் பாதியை எந்தக் காக்கா கொத்திக்கொண்டு போனது?

போதாததற்கு, எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கும் ராபின்சன் வேறு. கம்ப்யூட்டர் பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கிய நாள் முதலாய், "எல்லாரும் கூடியிருக்கும்போ எழும்பிக் கேப்பேன், உள்ளது ஒண்ணா, பாதியாண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சரியாகப் பாதி என்று அவன் வாயில் எப்படித்தான் வந்ததோ, கரிநாக்குக்காரன்! கனகதாஸின் மானம் மொத்தமும் இப்போது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

"அணச்சிட்டு இன்னொருக்கா போட்டுப் பாருங்க," என்றாள் மனைவி ஜிஜா, விருந்தாளிகளுக்கான கேக்கைத் துண்டு போட்டபடி.

போட்டுப் பார்த்தார். அதே ஐந்நூறு.

"டிஸ்க்குக்க கணக்கெல்லாம் செட்டப்பில உண்டு. அதத் திருத்தினா சரியாவும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பின்ன? கோர்சு படிச்சவனாக்கும் நான்!"

செட்டப்பில் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டார். கம்ப்யூட்டர் எட்டு ஜிபி என்றது. கனகதாஸ் நாற்காலியை விட்டுக் குதித்தே விட்டார்.

"ஜிஜா, ஓடி வா! எட்டு ஜிபி! திருவனந்தபுரத்திலயே கிடையாது!"

அவள் கத்தியும் கையுமாக ஓடி வருவதற்குள், டிஸ்க்கே இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் திரை கறுத்துப்போனது.

"எட்டும் போச்சா?"

"நீ மிண்டாம இரு."

எண்களை அழித்து, நீயே கண்டுபிடி என்று அதன் போக்கில் விட்டார். அது சமர்த்தாக ஐந்நூறுக்கே திரும்பி வந்தது. கனகதாஸ் போன் பூத்துக்கு ஓடினார். பெட்டியை விற்ற ராஜதாஸ் இருப்பது நெய்யாற்றின்கரையில்.

"ராஜதாசே, டிஸ்க்கில பாதியக் காணல்லியே!"

"ஓ, அதா? அத நான் ரெண்டா முறிச்சு வெச்சிட்டுண்டு. பயப்படாண்டாம், நான் இப்பளே..." லைன் கொர்ரென்று இரைந்து அறுந்தது.

கனகதாஸ் தலைதெறிக்க ஓடி வந்தார். "ஜிஜா, டிஸ்க்கு ரெண்டா முறிஞ்சுபோச்சாம்!"

"முறிஞ்ச சாதனத்தையா வாங்கினீங்க? திறந்து பாத்து எடுக்கண்டாமா?"

திறந்து பார்த்தார். டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. காதோரம் வைத்துக் குலுக்கியும் சத்தமில்லை. உள்ளுக்குள் முறிந்திருக்கும் என்று அவரே முடிவு செய்தார். "ஃபார்மேட் செஞ்சா முறிஞ்சது கூடிரும்."

"கூடுமா? எலும்பா அது?"

அவர் கேட்கவில்லை. டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, ஃப்ளாப்பி போட்டுக் கிளப்பி, ஃபார்மேட் கொடுத்தார். திரையில் சதவீதம் ஏற ஏற அவருக்கு உற்சாகமும் ஏறியது. நூறு வந்தது. டிஸ்க்கில் அதே ஐந்நூறு. விண்டோஸும் பாடங்களும் மட்டும் துடைத்தாற்போல் போயிருந்தன.

வாசலில் போதகரின் கார் வந்து நின்றது.

ஜெபம் முடிந்தது, ரிப்பன் வெட்டியாயிற்று. போதகர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "தம்பி, எத அமுக்கணும்?" என்று பிரியமாகக் கேட்டார். கறுத்த திரையைப் பார்த்துக் கனகதாஸ் அசடு வழிந்தார்.

ராபின்சன் எழுந்தான். "அதுக்கு முன்ன ஒரு சம்சயம். இதில உள்ளது ஒண்ணா, பாதியா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று கனகதாஸ் வாயைத் திறந்தார். அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க ராஜதாஸ் உள்ளே வந்தார்.

"கனகதாசே, போன் அறுந்ததும் பஸ் ஏறினேன். என்ன ஆச்சு?"

"முறிஞ்சுபோச்சுண்ணு சொன்னீரே!"

"எலே மக்கா, முறிச்சேண்ணாக்கும் சொன்னது, முறிஞ்சுதுண்ணு சொன்னேனா? ஒரு வீட்ட ரெண்டு முறியாக்கினா, ரெண்டு ரூமாக்கினா, வீடு குறஞ்சா போவும்? சி ஒரு முறி, டி மத்த முறி!"

ராஜதாஸ் 'டி' என்று தட்டினார். அடுத்த அறை திறந்தது. அங்கே இன்னொரு ஐந்நூறு. விண்டோஸும் பாடங்களும் அதில் ஒரு காப்பி பத்திரமாக இருந்தன.

"ஸ்தோத்திரம்! ஒரு ஜிபி!" என்றார் போதகர். கைதட்டல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கனகதாஸுக்கு ஆனந்தத்தில் கண் நிறைந்துவிட்டது. ஜிஜா அவர் வாயில் கேக்கைத் திணித்தாள்.

சந்தடி இல்லாமல் வாசலைப் பார்த்து நகர்ந்த ராபின்சனை ராஜதாஸ் கண்டுவிட்டார்.

"அட, ராபின்சன் சாரா? பாதி டிஸ்க்கக் காணல்லண்ணு சண்ட போட்டு, போன மாசம் நீங்க திருப்பித் தந்த பெட்டியாக்கும் இது!"